நூறு சதவீத நகல்

மரணத்தை மனிதன் இன்னும் வெல்லவில்லை, மறதியை வென்றுவிட்டான்.

வேலூரில் நினைவுக் களஞ்சிய வாரியத்தின் வாசலில், ஆறடிக் கருங்கல்லில், தங்க நிற எழுத்தில் இப்படி வெட்டியிருந்தார்கள். வாசகம் வாரியத்தின் இயக்குநர் முனைவர் பூவராகனுடையது. அடியில் தம்முடைய பட்டங்கள் அத்தனையையும் ஒன்று விடாமல் வெட்டச் சொல்லியிருந்தார். கல்லைத் திறந்துவைத்த அன்று மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறந்துபோய், தம் வாசகத்தைத் தம் கார் ஓட்டுநரை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

இது நடந்தது 2063-இல். பக்கவாதத்தாலோ விபத்தாலோ முதுமையாலோ நினைவு நழுவத் தொடங்கியவர்கள் வடமாவட்டங்களில் 4,162 பேர் வாரியத்தில் பதிவாகியிருந்தார்கள். நினைவு முழுதாகப் போவதற்குள் வாரியத்தார் வந்து, அதுவரை வாழ்ந்த வாழ்க்கை மொத்தத்தையும் எடுத்துத் தங்கள் இயந்திரங்களில் சேர்த்துக்கொள்வார்கள். காதுக்குப் பின்னால் ஒரு பொட்டளவு வில்லை ஒட்டுவார்கள். தூங்கும்போது அன்றைய நினைவு வில்லை வழியாக வாரியத்துக்குப் போகும். காலையில் கண் விழிக்கும்போது முழு வாழ்க்கையும் அங்கிருந்து திரும்பி வரும். இதற்கு ஏற்றம் என்று பெயர். "உங்க வீட்ல இன்னிக்கு ஏறிடுச்சா?" என்று சனங்கள் விசாரித்துக்கொள்வார்கள், மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறிற்றா என்று கேட்பதுபோல.

ஒரே ஒரு சங்கடம். ஏற்றம் தொடர்ந்து மூன்று நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் உச்சிப்பொழுதோடு மூளை கதவைச் சாத்திக்கொள்ளும். பிறகு எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காது. கையேட்டில் இது நாற்பத்தோராம் பக்கத்தின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில் இருந்தது.

ஆயிரம் நாள் ஒரு நொடிகூடத் தடைபடாமல் சேவை நடந்ததற்காக ஒரு புதன்கிழமை மாலை விழா எடுத்தார்கள். கட்டடம் முழுக்க நாற்பதாயிரம் சீரியல் பல்பு. அதற்குத் தற்காலிக இணைப்பு கேட்டால் எட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். ஆகவே பந்தல்காரர், கட்டடத்திலேயே என்றும் அணையாத வயர் எது என்று விசாரித்து, இயந்திர அறைக்குப் போகும் யு.பி.எஸ். லைனில் கொக்கி போட்டுக்கொண்டார்.

"ஆயிரம் நாள்கள்! ஒரு நொடி, ஒரே ஒரு நொடிகூட…" என்று இயக்குநர் குரலை உயர்த்தியபோது பல்புகளைப் போட்டார்கள்.

முதலில் மைக் போனது. பிறகு விளக்குகள். கைதட்டல் ஓய்ந்த பிறகுதான், பின்கட்டிலிருந்து எப்போதும் வரும் ஹோவென்ற இரைச்சல் வரவில்லை என்பதை ஒருத்தி கவனித்தாள். அவள் மங்கையர்க்கரசி, பேக்கப் பிரிவின் உதவிச் செயற்பொறியாளர். அவளுடைய கணவர் தணிகாசலமும் அந்த 4,162 பேரில் ஒருவர்.

இயந்திரங்கள் வெந்துபோயிருந்தன. சரிசெய்யப் பன்னிரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

*

வியாழக்கிழமை காலை மங்கை காபியோடு போனபோது, தணிகாசலம் கட்டிலில் முழங்காலில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். இப்போது தாமே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல இருந்தார்.

"வணக்கம்மா. இது உங்க வீடா?"

"ஆமாங்க."

"மன்னிச்சுக்கங்க. எப்படியோ வந்து படுத்துட்டேன் போலிருக்கு. இப்பக் கிளம்பிடறேன்."

"இருங்க. காபி குடிச்சிட்டுப் போகலாம்."

இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா" என்றார்.

இருபத்தேழு வருடத்தில் காபிக்கு அவர் நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. மங்கை சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். பிறகு எதிர்வீட்டு அம்மாளை அவருக்குத் துணை வைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினாள்.

ஆபீஸில் அவசரக் கூட்டம். இயக்குநர் மேடையில் பேசுவதுபோலவே அறையிலும் பேசக்கூடியவர்.

"பதற்றம் வேண்டாம். இப்படி ஒரு நாள் வரக்கூடும் என்ற தொலைநோக்கோடுதான் ஜவ்வாது மலை அடிவாரத்தில் பேக்கப் மையம் எழுப்பினோம்."

"எழுப்பினோம் சார்," என்றாள் மங்கை. "திறக்கலை."

உண்மைதான். மையம் கட்டி இரண்டரை வருடமாகிறது. குளிர்சாதனம் ஓடுகிறது, இயந்திரம் ஓடுகிறது, காவலுக்கு ஆள் இருக்கிறார். திறப்பு விழாதான் ஆகவில்லை. முதலில் குறித்த தேதியில் இடைத்தேர்தல் வந்தது. இரண்டாம் தேதிக்குள் அமைச்சர் மாறிவிட்டார். புது அமைச்சர் பழைய அமைச்சர் பெயர் வெட்டிய கல்லைத் திறப்பாரா? மூன்றாம் தேதியில் காற்று வந்து பந்தலைத் தூக்கிப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் போட்டது.

"அப்போ அங்க நகலே எடுக்கலையா?" என்று நிர்வாக அதிகாரி பயந்துபோய்க் கேட்டார்.

"எடுக்குது சார். சோதனை ஓட்டம்னு பேரு, தினமும் எடுக்குது. 'நகல் நூறு சதவீதம்'னு காலைல பத்து மணிக்கெல்லாம் ரிப்போர்ட் வந்துடும். இதுவரைக்கும் தொள்ளாயிரத்துப் பதினாறு ரிப்போர்ட். எல்லாத்துலயும் நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

"அப்புறம் என்ன, சுவிட்சைப் போட்டுடலாமே சார்?" என்றாள் மங்கை.

பூவராகன் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மா, திறப்பு விழா நடக்காத கட்டடம் அரசு ஆவணப்படி இல்லாத கட்டடம். இல்லாத கட்டடத்திலிருந்து நினைவு வரலாமா? வந்தால், எங்கிருந்து வந்தது என்று சட்டசபையில் கேட்பார்கள்."

மேலும், சுவிட்ச் என்று ஒன்று தனியாக இல்லை. 'மாண்புமிகு அமைச்சர் அவர்கள் பொத்தானை அழுத்தியவுடன் மையம் இயங்க வேண்டும்' என்று டெண்டரில் எழுதியிருந்ததால், ஒப்பந்தக்காரர்கள் அதை எழுத்துப் பிசகாமல் செய்திருந்தார்கள். பொத்தானை அழுத்தினால்தான் ஏற்றம் வெளியே போகும். பொத்தானுக்குச் சாவி உண்டு. சாவி இயக்குநரின் பீரோவில், சிவப்பு வெல்வெட் பெட்டியில்.

அமைச்சரின் பி.ஏ.வுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தார்கள்.

"சனிக்கிழமை ஐயா அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வர்றாரு. ஒன்பதுலேர்ந்து பத்தரை ராகு காலம். பத்தே முக்காலுக்கு வெச்சுக்கங்க."

"பன்னிரண்டுக்குள் முடிந்தாக வேண்டும். உயிர்ப் பிரச்சினை," என்றார் இயக்குநர்.

"அட, ஐயா என்னிக்கு சார் லேட்டா வந்திருக்காரு?"



*

வெள்ளிக்கிழமை காலை தணிகாசலம் நன்றி சொல்லவில்லை. டம்ளரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கை மலையடிவாரத்துக்குக் கிளம்பினாள். ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வாரிய ஜீப், போளூர் தாண்டியதும் ஆடுகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு ஊர்ந்தது. பேக்கப் மையத்தின் வாசலில் திரை போட்டு மூடிய கல். பக்கத்தில் காவலாளி முனிரத்தினம் சல்யூட் அடித்தார்.

"இன்னா மேடம், சொல்லாம கொள்ளாம வந்துகினீங்க?"

உள்ளே போனதும் அவர் பதறியதன் காரணம் புரிந்தது. குளிரூட்டிய கூடத்தில், மினுக்கும் இயந்திர அடுக்குகளுக்கு நடுவே, வரிசையாகப் பதினோரு எவர்சில்வர் தூக்குகள்.

"இது என்ன?"

"இட்லி மாவுங்க. ஊருக்காரங்க குடுத்து வெச்சாங்க. இந்த வெயிலுக்கு வெளிய வெச்சா பொங்கிடுது. இங்க ஒரு வாரம் ஆனாலும் புளிக்கறதே இல்ல மேடம், அப்படி ஒரு மிசினு!"

இரண்டரை வருடத்தில் அந்த மையம் பொதுமக்களுக்குச் செய்த சேவை அதுவாகத்தான் இருந்தது. மங்கை உள்ளறைக்குப் போனாள். அங்கே ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர் ரிஸ்வானா உட்கார்ந்திருந்தாள். ஆம்பூர்ப் பெண். திறக்காத மையத்தில் இரண்டரை வருடமாகத் தனியாக வேலை பார்த்ததில், யாராவது பேசினாலே முகம் மலர்ந்துவிடும்.

"ரிஸ்வானா, நாளைக்கு நாலாயிரத்து நூத்தி அறுபத்திரண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஏத்தணும். தாங்குமா?"

"தாங்கும் மேடம். அதெல்லாம் ஜோரா ஏறும். ஆனா எதை ஏத்தறது?"

"எதையா? நகலைத்தான்."

"எந்த நகலை?"

"விளையாடாதம்மா. தினமும் நூறு சதவீதம்னு அனுப்பறியே!"

"ஆமா மேடம். ஒண்ணுல ஒண்ணு எடுத்தா நூறு சதவீதம்தானே."

மங்கைக்குக் குளிர் அப்போதுதான் உறைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணா?"

"சோதனை ஓட்டத்துல ஒரு ஆளோடதுதான் எடுக்கணும்னு உங்க வாரியமே லெட்டர் போட்டிருக்கு. மத்ததெல்லாம் திறப்பு விழாவுக்கு அப்புறம். எத்தனை பேருன்னு ரிப்போர்ட்ல ஒரு கட்டம் போடலாம்னு நான் கேட்டேன் மேடம். ஃபார்மை மாத்த முடியாதுன்னு சொல்லிட்டாங்க."

"யாரும்மா அந்த ஒருத்தர்?"

ரிஸ்வானா அவளை விநோதமாகப் பார்த்தாள். "உங்க வீட்டுக்காரர்தான் மேடம். நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

போட்டுத்தான் கொடுத்திருந்தாள். சோதனைக்கு ஒருவரின் நினைவு வேண்டும் என்றார்கள். எந்தக் குடும்பமும் சம்மதிக்கவில்லை. வேலை நிற்கக் கூடாதே என்று, ஒரு மதியம், சாப்பாட்டுக்குப் போகும் அவசரத்தில் தன் கணவருடையதைக் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு தொள்ளாயிரத்துப் பதினாறு நாள், நூறு சதவீதம் என்பது எத்தனை பேரில் என்று அவள் கேட்கவே இல்லை. நூறைப் பார்த்த பிறகு யார் கேள்வி கேட்பார்கள்?

"அப்போ மத்தவங்க…"

"அங்கதான் மேடம் ஒரு விஷயம் இருக்கு." ரிஸ்வானா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "மூளைக் கதவு இருக்கே, அது மூடாம இருக்க ஏதோ ஒரு முழு நினைவு போனா போதும். அது யாரோடதுன்னு மூளைக்குக் கவலையில்ல. கட்சிக் கூட்டத்துல துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி வெச்சுக்கங்க. துண்டு யாரோடதா இருந்தா என்ன? உங்க பழைய மிசின் சரியானதும் மெல்ல மெல்ல அவங்கவங்களோடதைத் திருப்பி ஏத்திடலாம். ஆறு மாசம் ஆகும், ஆனா முடியும். நாளைக்கு ஒண்ணுமே போகலைன்னாதான் முடியாது."

"நம்மகிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணு."

"ஆமா. எங்க சாஃப்ட்வேரும் அதுக்குத் தயாராத்தான் இருக்கு. 'நினைவு இல்லை' என்ற பதிலைப் பேக்கப் மையம் எந்தச் சூழ்நிலையிலும் தரக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல உங்க டைரக்டர் சார் தன் கையால எழுதிச் சேர்த்திருக்காரு. அதனால ஒரு ஆளோடது இல்லைன்னா, இருக்கறதுல எதையாவது எடுத்துக் குடுத்துடும். இல்லைன்னு மட்டும் சொல்லாது."

மங்கை, "அப்படின்னா நாலாயிரம் பேருக்கும் இவரோட நினைவு போகும்," என்றாள். தனக்குத்தானே வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுபோலச் சொன்னாள். "முழுசும்."

"முழுசும் மேடம். பாதி குடுத்தா கதவு ஒத்துக்காது." ரிஸ்வானா தயங்கினாள். "சோதனைக்குத்தான் நீங்க சம்மதம் குடுத்திருக்கீங்க. வேற ஆளுக்குக் குடுக்கணும்னா இன்னொரு கையெழுத்து வேணும். போடலைன்னாலும் சாருக்கு ஒண்ணும் ஆகாது. அவரோடது அவருக்கு ஏறிடும். அதுக்கு யார் சம்மதமும் தேவையில்ல."

மங்கை எழுந்து வெளியே வந்து இயக்குநருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மறுமுனையில் அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நாளைக்கு எல்லாருக்கும் ஏற்றம் நடக்குமா, நடக்காதா? அதை மட்டும் சொல்லுங்கள்."

"நடக்கும் சார். ஆனா எல்லாருக்குள்ளயும் என் வீட்டுக்காரர்…"

"நடக்கும் அல்லவா? நல்லது. சாமியானா வந்துவிட்டதா பாருங்கள்."

முனிரத்தினம் தேநீர் கொண்டுவந்தார். மங்கை வாசற்படியில் நின்றபடியே குடித்தாள். அவளுக்குத் தெரிந்தவை ஒவ்வொன்றாக வந்தன. கல்யாணமான மூன்றாம் மாதம், மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு சோளிங்கர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தது. கர்ப்பம் கலைந்த வருடம் நாற்பது நாள் அவரோடு பேசாமல் இருந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்து, அவர் வந்து தூக்கியபோது தான் இருந்த கோலம். பீரோ சாவியை எங்கே ஒளித்துவைப்பாள் என்பது. எல்லாம், நாளை உச்சிவேளைக்குள், ஆரணியிலும் குடியாத்தத்திலும் செய்யாற்றிலும் முன்பின் பார்க்காத நாலாயிரம் பேருக்கு. கையெழுத்துப் போடாவிட்டால் தன் வீட்டுக்காரர் மட்டும் நாளை மாலை "மங்கா" என்று கூப்பிடுவார். மற்ற நாலாயிரம் வீட்டில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

டம்ளரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நாலாயிரம் பேர்.

உள்ளே போய்ப் பேனாவைக் கேட்டாள்.

"உள்ள என்ன இருக்குன்னு ஒரு தடவை பாத்துடறீங்களா மேடம்? வாரிசுதாரர் பாக்கலாம்னு விதி இருக்கு."

"எதுக்கும்மா? இருபத்தேழு வருஷம் கூடவே இருந்து படிச்சதுதானே," என்று மங்கை கையெழுத்துப் போட்டாள்.

*

சனிக்கிழமை பத்தே முக்காலுக்கு எல்லாம் தயார். குத்துவிளக்கு, ரிப்பன், தட்டில் கத்தரிக்கோல், நாதஸ்வரம். கல்லில் இருந்த பழைய அமைச்சர் பெயர்மேல் சாமந்தி மாலையை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மாவுத் தூக்குகளை முனிரத்தினம் ஜெனரேட்டர் அறைக்கு மாற்றியிருந்தார்.

பதினொன்று ஆயிற்று. பதினொன்றே கால். கல்யாண வீட்டில் ஐயா பந்தியில் உட்கார்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மங்கை வீட்டுக்குப் போன் போட்டாள். "சுவத்தையே பாத்துக்கிட்டு இருக்காரும்மா. கண்ணைக்கூடச் சிமிட்டலை," என்றாள் எதிர்வீட்டு அம்மாள். பதினொன்றரைக்குப் பாயசம் வந்துவிட்டதாக அடுத்த செய்தி.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு அமைச்சர் வந்தார். பொன்னாடை, விளக்கு, ரிப்பன். இயக்குநர் வரவேற்புரையை எடுத்துப் பிரித்தார், பன்னிரண்டு பக்கம். மங்கை அவர் கையிலிருந்து அதை வாங்கி மடித்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். முப்பது வருட அரசு உத்தியோகத்தில் அவள் செய்த ஒரே ஒழுங்கீனம் அதுதான்.

பதினொன்று ஐம்பத்தேழுக்கு அமைச்சர் பொத்தானை அழுத்தினார். புகைப்படக்காரர், "ஐயா, இன்னொரு தடவை," என்றார். இரண்டாவது தடவையும் அழுத்தினார்.

பன்னிரண்டு அடித்து ஒரு நிமிடத்தில் மங்கையின் போன் அடித்தது.

"மங்கா! எங்க போய்த் தொலைஞ்ச? பிபி மாத்திரை போட்டியா இல்லையா?"

அவள் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "போட்டுட்டேங்க," என்றாள். வைத்தவுடன் மறுபடி அடித்தது. தெரியாத எண். பெண் குரல்.

"மங்கா! எங்க போய்த் தொலைஞ்ச? மாத்திரை…"

அதற்கு மேல் அன்று போனை அணைத்து வைக்க வேண்டியதாயிற்று.

மாலைச் செய்தியில் முனைவர் பூவராகன் சொன்னார்: "மொத்தம் 4,162 ஏற்றங்கள். தோல்வி பூஜ்யம்." யாருடையது யாருக்கு என்று நிருபர்கள் கேட்கவில்லை. அதற்கான கட்டமும் ஃபார்மில் இல்லை.

*

சொன்னபடி பன்னிரண்டாம் நாள் பழைய இயந்திரங்கள் சரியாயின. அவரவர் நினைவை அவரவருக்கு, வாரத்துக்கு ஒரு வருடம் இரண்டு வருடமாக, ஊட்டத் தொடங்கினார்கள். அதுவரை வீடுகளில் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. எழுபது வயதுப் பெண்கள் விடியற்காலை எழுந்து, முதல் பஸ் டிப்போவை விட்டுக் கிளம்பிற்றா என்று கடிகாரம் பார்த்தார்கள். மங்கை பீரோ சாவியை அரிசி டப்பாவிலிருந்து எடுத்து வேறிடத்தில் வைத்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து சம்பந்தம் என்ற பெரியவர், மனைவி ருக்மணியை அழைத்துக்கொண்டு வீடு தேடி வந்தார். வழி அவருக்குத் தெரியாது. ருக்மணிதான் சந்து சந்தாக வழி சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், அலமாரியின் மூன்றாம் தட்டிலிருந்து டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள்.

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்றார் சம்பந்தம். "உங்களைப் பாக்கணும்னு ஒரே அழுகை. நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினேன். 'நீங்க யாருங்க'ன்னு என்னைக் கேக்கறா. கோவமா கேட்டாக்கூடத் தேவலை. மரியாதையா கேக்கறா."

அந்த மரியாதையை மங்கைக்குத் தெரியும். அவரை உட்காரவைத்துக் காபி கொடுத்தாள். கூடத்தில் தணிகாசலமும் ருக்மணியும் அருகருகே உட்கார்ந்து, ஒரே மாதிரி முழங்காலில் கை வைத்து, டிப்போவில் ஒரு ஆயுத பூஜையன்று பூசணிக்காய் உருண்டு மேனேஜர் காலில் விழுந்த கதையை ஆளுக்குப் பாதியாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது ருக்மணி மங்கையின் கன்னத்தைத் தொட்டு, "அந்த நாப்பது நாள் நீ பேசாம இருந்தியே, வாசல்லயே உக்காந்திருந்தேன். உனக்குத் தெரியாது," என்றாள்.

மங்கைக்கு அது தெரியாதுதான். தணிகாசலத்தைப் பார்த்தாள். அவர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு மும்முரமாகப் படித்தார்.

அன்று முதல் அவளுக்கு நடையில் ஒரு நிமிர்வு வந்தது. தினமும் எட்டு மணிக்கு மாத்திரை போட்டாயா என்று கேட்டு இருநூறு முந்நூறு போன் வரும். உலகத்தில் இத்தனை பேர் காதலிக்கிற உதவிச் செயற்பொறியாளர் வேறு யார் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து வாரியம் மீட்பு வெற்றி விழா எடுத்தது. இந்த முறை சீரியல் பல்பு இல்லை. முன்வரிசையில் பயனாளிகள் முப்பது பேர், அவர்களோடு தணிகாசலம், பின்னால் குடும்பத்தார். மறதியை வென்றதோடு நில்லாமல் மானுடத்தையே ஒன்றாக்கிவிட்டோம் என்று இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். பேக்கப் மையத்தில் எல்லோருடைய நினைவையும் நகலெடுக்கக் கூடுதல் கட்டடம் தயார் என்றும், அமைச்சர் தேதி கொடுத்ததும் திறக்கப்படும் என்றும் அறிவித்தார்.

அடுத்து மங்கையின் பாட்டு. வாரியத்தின் எல்லா விழாவிலும் அவள் பாட்டு உண்டு. அதற்கு முன்பு, டிப்போவில் வருடாவருடம் ஆயுத பூஜைக்கும், அவர் ஸ்கூட்டரில் கூடப் போய், அவள்தான் பாடுவாள். கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவாள். பாடி முடித்துத் திறந்தால் தணிகாசலம் முன்வரிசையில் இருப்பார். "உருகிட்டேன் மங்கா," என்பார். இன்று உருகுவதற்கு முப்பத்தோரு பேர் இருந்தார்கள். அதற்காகவே கொஞ்சம் நீளமான பாட்டாக எடுத்திருந்தாள்.

இரண்டாவது அடியில் குரலை மேலே ஏற்றியபோது நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. மங்கை பாடுவதை நிறுத்தாமல் கண்ணைத் திறந்தாள்.

முன்வரிசை முழுதும் எழுந்து, குனிந்தபடி, யாரையும் இடிக்காமல், பழகிய நடையில் கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தணிகாசலம் நான்காவதாகப் போனார். பின்வரிசையிலிருந்து சம்பந்தம் தன் மனைவியின் கையைப் பிடித்து, "எங்க போற?" என்றார்.

"ஸ்கூட்டருக்கு சைடு லாக் போட்டேனான்னு ஞாபகம் இல்ல. பாட்டு முடியறதுக்குள்ள வந்துடறேன்," என்று ருக்மணி அவர் காதில் சொன்னாள்.

சன்னல் வழியாகப் பார்த்தால் தெரிந்தது. முப்பத்தோரு பேரும் வண்டி நிறுத்துமிடத்தில் நின்று, பேசாமல், பாட்டின் கடைசி அடி வரக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

முப்பது பேரை வாரியம் வேன் வைத்து அழைத்துவந்திருந்தது. தணிகாசலம் மங்கையோடு ஆட்டோவில் வந்திருந்தார். ஸ்கூட்டரில் யாரும் வரவில்லை.